பிங்க் மேடம் வீட்டு ஆரஞ்சு ரோஜா

காலை ஏழரைக்குப் போன் அடித்தபோது பெரியவள் தொட்டிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். கொட்டகை மேஜையில் கிடந்த போனைச் சின்னவள் ஓடிப்போய் எடுத்தாள்.

"சொல்லுங்க மேடம்! என்ன, பூத்தாச்சா?"

அந்தக் குரலில் இருந்த குதூகலம் மூன்று நொடிதான் தாங்கியது.

"ஆரஞ்சா? வெயில்ல அப்படித் தெரியுதோ என்னமோ... ஓ... மூணு செடியிலயுமா? சரிங்க மேடம். நீங்க எதையும் தொடாதீங்க, நாங்க உடனே வர்றோம்."

பெரியவள் கையிலிருந்த குழாய் ஒரே தொட்டியில் கொட்டிக்கொண்டே இருந்தது. தொட்டி நிரம்பி, வழிந்து, தண்ணீர் அவள் செருப்புக்குள் புகுந்தது. அவள் நகரவில்லை.

இந்தப் போனுக்காகத்தான் இருபத்தொரு நாளாகக் காத்திருந்தாள். வந்தால் மனசு குளிரும் என்று ஆரம்பத்தில் நினைத்திருந்தாள். குளிரவில்லை.

இந்த வீட்டை வாராவாரம் எட்டிப் பார்த்து வருகிறவர்களுக்குக் காரணம் தெரியும். இன்றைக்குத்தான் முதல் தடவை வருகிறீர்கள் என்றாலும் வாசலில் நிற்க வேண்டாம். உள்ளே வாருங்கள், நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

ஊர் முடிகிற இடத்தில், பெட்ரோல் பங்க்குக்கும் கார் கழுவும் கொட்டகைக்கும் நடுவில் ஒரு நர்சரி. நடத்துகிறவர் அப்பா. அம்மா போய்ப் பதினைந்து வருடம் ஆகிறது. பெரியவளுக்கு வயது முப்பத்தாறு. செடியைப் பற்றி அவளுக்குத் தெரியாதது கிடையாது. மனிதர்களிடம் மட்டும் வாய் திறக்க யோசிப்பாள். சின்னவளுக்கு இருபத்தாறு. அக்கா பேசாத பேச்சையெல்லாம் சேர்த்து இவள் பேசிவிடுவாள். படம் வரைந்து, அளவு எடுத்து, வீடுகளுக்குத் தோட்டம் அமைத்துக் கொடுப்பது இவள் வேலை. வாடிக்கையாளர்களுக்குப் பட்டப்பெயர் வைப்பதும் இவளேதான்.

'பிங்க் மேடம்' அப்படி வந்த பெயர். தபால் ஆபீஸ் கவுன்டரில் வேலை பார்க்கும் அந்த அம்மாள், இரண்டு மாதத்துக்கு முன் பத்திரிகையிலிருந்து கிழித்த ஒரு படத்தோடு வந்தார். சின்ன வீடு, வாசல்வரை பூ, நடைபாதையே தெரியாமல் இரண்டு பக்கமும் சரிந்து கிடக்கும் செடிகள்.

"எனக்கு இந்த மாதிரி காட்டேஜ் தோட்டம் வேணும். பார்த்தா, ஒருத்தர் மேல ஒருத்தர் உசிரா இருக்கற ரெண்டு பேரு வாழற வீடுன்னு தோணணும். பூ எல்லாம் பிங்க். வேற கலரே வேணாம்" என்று சொல்லிவிட்டு, சொன்னதற்காகவே வெட்கப்பட்டார்.

கவிழ்த்துப் போட்ட ஒரு தொட்டியின்மேல் உட்கார்ந்து முழுசாக இரண்டு மணி நேரம் தேர்ந்தெடுத்தார். வேறு யாராக இருந்தாலும் பெரியவளுக்கு எரிச்சல் வந்திருக்கும். இவரைப் பிடித்துப்போயிற்று. ஒவ்வொரு பூவுக்கும் அவரே ஒரு பெயர் வைத்தார். பெட்டூனியாவின் வெளிறிய நிறம் 'குழந்தை உள்ளங்கால் பிங்க்'. டயாந்தஸ் 'மிட்டாய் பிங்க்'. காஸ்மோஸில் அடர்த்தியான ஒன்று 'பீட்ரூட் பிங்க்'.

பெரியவளும் அன்று வழக்கத்துக்கு மாறாகப் பேசினாள். "பிங்க்ல ரெண்டு கட்சி இருக்குங்க. ஒண்ணு நீலத்துப் பக்கம் சாயும், இன்னொண்ணு ஆரஞ்சுப் பக்கம் சாயும். ரெண்டையும் ஒரே பாத்தியில உட்கார வைச்சா சண்டை போட்டுக்கும். நீங்க எடுத்திருக்கறது எல்லாமே நீலக் கட்சி. நடுவுல கொஞ்சம் வெள்ளையும் சாம்பல் இலையும் வைச்சா கண்ணுக்கு இதமா இருக்கும். ஒரு துளி ஆரஞ்சு மட்டும் உள்ள வந்துடக் கூடாது. வந்தா எல்லாமே அழுக்காத் தெரியும்."

இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அவள் வாயால் சொன்னது.

மூன்றாவது தடவை பிங்க் மேடம் வந்தபோது அவரைக் கூட்டிப்போகக் கணவன் வந்திருந்தான். காரைவிட்டு இறங்கவில்லை. மாதிரிக்கு இரண்டு தொட்டிகளை எடுத்துப்போய்ப் பெரியவள் டிக்கியில் வைத்தாள். முன்பக்கமாக நடந்து திரும்பும்போதுதான் ஜன்னலில் அந்த முகத்தைப் பார்த்தாள்.

மருந்துக்கடைக்காரன்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் அவளுக்கும் அவனுக்கும் பேசி முடித்திருந்தது. பத்திரிகை அடித்து, பாதிப் பேருக்குக் கொடுத்தும் ஆயிற்று. கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது அவன் வீட்டிலிருந்து யாரோ ஒருவர் வந்து, "இது சரிப்பட்டு வராது" என்று சொல்லிவிட்டுப் போனார். ஏன் என்று கேட்க அப்பா அவன் கடைக்கே போனார். டானிக் வாங்க வந்தவர்களுக்கும் தலைவலி மாத்திரை வாங்க வந்தவர்களுக்கும் நடுவில் அவரை முக்கால் மணி நேரம் நிற்க வைத்தானே தவிர, அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்பா திரும்பி வந்து அன்று பூராவும் ரோஜாக்களைக் கவாத்து பண்ணினார். வெட்ட வேண்டியதற்கு மேலேயே வெட்டினார்.

அப்போது சின்னவள் ஹாஸ்டலில் இருந்து படித்துக்கொண்டிருந்தாள். அவனை அவள் பார்த்ததே இல்லை. அதனால்தான் ஆர்டர் எடுத்தபோது ஒன்றும் தெரியவில்லை.

காருக்குள் இருந்தவன் பெரியவளைப் பார்த்தான். அடையாளம் தெரிந்துகொண்டான். கண்ணாடியை ஏற்றிவிட்டான்.

அவன் ஒரு தடவை தலையசைத்திருந்தால் இந்தக் கதை வேறு மாதிரி போயிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தக் கண்ணாடிதான் அவளை என்னமோ செய்துவிட்டது.

இந்த நர்சரியில் பெயர் எழுதிய குச்சி கிடையாது. எழுத்து தண்ணீரில் கரைந்துவிடுகிறது என்று அப்பா வேறு ஒரு பழக்கம் வைத்திருக்கிறார். பூக்காத செடியின் அடித்தண்டில் கம்பளி நூல் கட்டுவார். ரோஸ் நிறப் பூவுக்கு ரோஸ் நூல், வெள்ளைக்கு வெள்ளை, ஆரஞ்சுக்கு ஆரஞ்சு. அவரைத் தவிர யாரும் கட்டுவதில்லை. வாங்கிப்போனவர் வீட்டில் முதல் பூ விரிந்ததும், நிறம் சரிதான் என்று பார்த்து, வாங்கினவர் கையாலேயே நூலை அவிழ்க்க வேண்டும். நிறம் மாறியிருந்தால் நூல் கட்டினவர் நேரில் போய்ப் பதில் சொல்ல வேண்டும். இது அப்பா போட்ட சட்டம். முப்பது வருடத்தில் அவர் ஒரு வீட்டுக்கும் அப்படிப் போக நேர்ந்ததில்லை.

பிங்க் மேடம் எடுத்த செடிகளில் ரோஜா மட்டும்தான் பூக்காமல், கவாத்து பண்ணின நிலையில் இருந்தது. இருபத்துநாலு தொட்டி. பக்கத்து வரிசையிலேயே ஆரஞ்சு ரோஜா, அதுவும் இருபத்துநாலுக்கு மேல் இருந்தது. மறுநாள் விடிந்தால் வண்டியில் ஏற்ற வேண்டும். ராத்திரி அப்பா தூங்கின பிறகு பெரியவள் உட்கார்ந்து, இந்த நூலை அவிழ்த்து அதிலும், அந்த நூலை அவிழ்த்து இதிலும் கட்டினாள். அன்றைக்கு ஒரு வெறி இருந்தது.

வெறி இரண்டு நாளில் இறங்கிவிட்டது. அதற்குள் செடிகள் போய் மண்ணில் உட்கார்ந்துவிட்டன.

அதன்பிறகு தினமும் காலையில் எல்லோருக்கும் முன்னால் எழுந்து, ஆரஞ்சு நூலோடு நர்சரியில் மிச்சமிருந்த ரோஸ் செடிகளின் மொட்டுகளைக் கிள்ளி எறிந்துகொண்டிருந்தாள். பூத்தால் அப்பாவுக்குத் தெரிந்துவிடுமே. கேட்டால், "புதர் கட்டட்டும்ப்பா" என்பாள். அப்பா நம்பினார்.

இவ்வளவுதான் முன்கதை. இப்போது செருப்பு நனைய நிற்கிறாள்.

"அப்பா!" சின்னவள் கத்திக்கொண்டே கொட்டகையிலிருந்து வந்தாள். "பிங்க் மேடம் வீட்டுல ரோஜா பூத்திருக்கு. ஆரஞ்சு! மூணு செடியில விரிஞ்சிருக்காம், மத்த மொட்டெல்லாம்கூட வாயில ஆரஞ்சு காட்டுதாம். இருபத்துநாலும் போச்சு."

உரம் கலந்துகொண்டிருந்த அப்பா நிமிர்ந்தார். "இருக்காதே."

"இருக்காதேன்னா? அவங்க பொய் சொல்றாங்களா?"

"நான் பார்த்துத்தானே கட்டினேன்."

"என்னத்தப் பார்த்தீங்க? கண் டாக்டர்கிட்ட போங்க, போங்கன்னு ஆறு மாசமாத் தலைதலையா அடிச்சுக்கறேன். போனவாரம் உப்பு டப்பாவையும் சர்க்கரை டப்பாவையும் மாத்தி எடுத்தீங்க. ரோஸ் எது, ஆரஞ்சு எதுன்னு மட்டும் தெரிஞ்சிடுமா? எனக்கு எவ்வளவு அசிங்கம் தெரியுமா? அவங்க போன்ல அழறாங்கப்பா!"

அப்பா கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு பின்வரிசைக்கு நடந்தார்.

ஆரஞ்சு நூல் கட்டிய செடிகளுக்கு முன்னால் குனிந்தார். ஒவ்வொன்றாக இலையை விலக்கிப் பார்த்தார். எவ்வளவு கிள்ளினாலும் ஒன்று தப்பிவிடும் அல்லவா? பதினோராவது தொட்டியில், தாழ்ந்த ஒரு கிளையில், இலைக்கு அடியில் ஒரு மொட்டு இருந்தது. நுனி பிளந்து ரோஸ் தெரிந்தது.

அப்பா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். அப்புறம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ரெண்டு வரிசையையும் மாத்திக் கட்டியிருக்கேன்" என்றார் மெதுவாக. "சின்னு சொல்றது சரிதான். எனக்குத்தான் தெரியலை."

சின்னவளுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. "சரி விடுங்கப்பா, மாத்திக் கொடுத்துடலாம்" என்றாள், குரலை இறக்கி.

அப்பா எழுந்து கொட்டகைக்குப் போனார். பிஸ்கட் டின் ஒன்றை எடுத்துவந்தார். நூல் பந்துகள் இருக்கும் டின். அதைப் பெரியவள் கையில் வைத்தார்.

"இனிமே நீ கட்டு பெரிசு. நான் தொடலை."

பெரியவள் டின்னைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இப்போது சொல்லிவிடலாம். 'அப்பா, நான்தான்' என்று இரண்டு வார்த்தை. சொன்னால் ஏன் என்று கேட்பார். யார் வீடு என்று சொல்ல வேண்டி வரும். பன்னிரண்டு வருடமாக இந்த வீட்டில் யாரும் உச்சரிக்காத ஒன்றைத் தொட வேண்டி வரும். இப்படியெல்லாம் தனக்குத்தானே காரணம் சொல்லிக்கொண்டாள். உண்மையில் பயம், அவ்வளவுதான். முப்பத்தாறு வயதில், அப்பாவிடம் மாட்டிக்கொள்ளப் பயம். அந்தப் பயத்தை நினைத்தும் அவளுக்கு அவமானமாக இருந்தது.

"வண்டியில இந்தச் செடிங்களை ஏத்துங்க" என்றார் அப்பா. "மொட்டு எல்லாம் கிள்ளியிருக்கு. பூக்க ஒரு மாசம் ஆகும்னு சொல்லிடுவோம். நானும் வர்றேன்."

பெரியவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நீங்க எதுக்குப்பா? நானும் சின்னுவும் போயிட்டு வந்துடறோம்."

"நீதான் அந்த வீட்டுக்கு ஒரு நாளும் போனதில்லையே" என்றாள் சின்னவள். "நடறதுக்குக் கூப்பிட்டப்பவே தலைவலின்னு படுத்துக்கிட்டே. இப்ப மட்டும் என்ன?"

"அப்பாவுக்கு வெயில் ஆகாதுன்னு சொன்னேன்."

"காலையில எட்டு மணிக்கு என்ன வெயில்?" என்றார் அப்பா. "நூல் கட்டினது யாரு? நான். அப்ப நான்தான் போய்ப் பதில் சொல்லணும்."

உள்ளே போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார். நல்ல சட்டை. மன்னிப்புக் கேட்கப் போவதற்காக அப்பா இஸ்திரி போட்ட சட்டை எடுத்துப் போட்டுக்கொண்டதைப் பார்த்தபோது பெரியவளுக்கு அந்தத் தொட்டி மண்ணுக்குள்ளேயே புதைந்துபோய்விடலாம் போல இருந்தது.

வண்டியைச் சின்னவள் ஓட்டினாள். முன் சீட்டில் மூன்று பேர். நடுவில் பெரியவள். நூல் டின்னைக் கீழே வைக்க மறந்து, மடியிலேயே வைத்திருந்தாள்.

முதல் சிக்னலில் வாயைத் திறந்தாள். பச்சை விழுந்துவிட்டது. பள்ளிக்கூடத்துக்கு முன்னால் வண்டி ஊர்ந்தபோது, "அப்பா..." என்றாள்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்லை. தண்ணி குடிக்கறீங்களா?"

"வேணாம்."

அப்பா தனக்குள்ளேயே எதையோ முணுமுணுத்துக்கொண்டு வந்தார். காது கொடுத்துக் கேட்டாள். அங்கே போய்ச் சொல்ல வேண்டியதை அவர் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். 'வயசாயிடுச்சும்மா, கண்ணு ஏமாத்திடுச்சு, மன்னிச்சுக்குங்க.' திரும்பத் திரும்ப அதையே. ஒரு தடவை 'மன்னிச்சுக்குங்க'வை முன்னால் போட்டுப் பார்த்தார். சரியாக வரவில்லை போலிருக்கிறது, பழையபடி பின்னால் வைத்தார்.

பெரியவள் டின் மூடியை அழுத்தி அழுத்தி மூடிக்கொண்டிருந்தாள். அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.

வீடு ஒரு தெருத் திருப்பத்தில் இருந்தது. இரும்புக் கேட். சின்னவள் வரைந்த தோட்டத்தைப் பெரியவள் முதன்முதலாக நேரில் பார்த்தாள். அழகாக இருந்தது, அதுதான் கொடுமை. பெட்டூனியா நடைபாதைமேல் வழிந்திருந்தது. காஸ்மோஸ் இடுப்புயரம் வளர்ந்து காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. நாற்காலி ஒன்றை யாரோ சரியான இடத்தில் போட்டிருந்தார்கள். அவ்வளவு மென்மைக்கும் நடுவில் மூன்று ஆரஞ்சு ரோஜாக்கள் விரிந்திருந்தன. அவள் சொன்னது அப்படியே பலித்திருந்தது. மற்ற பூவெல்லாம் அழுக்காகத் தெரிந்தது. தெரிந்த தொழிலை வைத்தே செய்த வேலை. தெரியாதவளாக இருந்திருந்தால் இவ்வளவு கச்சிதமாகக் கெடுத்திருக்க முடியாது.

பிங்க் மேடம் வாசலுக்கு வந்தார். கண் சிவந்திருந்தது. ஆனால் சிரிக்க முயன்றார்.

"ஐயோ, எல்லாரும் வந்துட்டீங்களா? நான் போன்ல கொஞ்சம் அதிகமாப் பேசிட்டேன். தப்பா நினைச்சுக்காதீங்க. நாற்பது வயசுல பூவுக்காக அழுதேன்னு இப்ப எனக்கே வெட்கமா இருக்கு."

"உங்க மேல என்ன தப்பு மேடம்?" என்றாள் சின்னவள்.

"இல்லைம்மா. இந்த வீட்டுல நான் வர்றப்பவே எல்லாம் இருந்துச்சு. சுவர் கலர், திரை, சோபா, சாப்பிடற தட்டு வரைக்கும். மாமியார் வாங்கினது. குறை சொல்லலை, நல்லாத்தான் இருக்கு. ஆனா நானாத் தேர்ந்தெடுத்ததுன்னு பார்த்தா இது ஒண்ணுதான். தபால் ஆபீஸ்ல உட்கார்ந்து ஸ்டாம்பு கிழிக்கறப்பகூட, இந்நேரம் ஒண்ணு விரிஞ்சிருக்குமோன்னு நினைச்சுப்பேன். அதான்..."

பெரியவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல ஆயிற்று. அவனைக் குறிவைத்து எறிந்த கல் இந்த அம்மாளின் நெற்றியில் போய் விழுந்திருக்கிறது.

"யாரு?" என்று உள்ளேயிருந்து குரல் கேட்டது. "நர்சரியா? நான்தான் காலையிலேயே சொன்னேனே, ஆரஞ்சும் நல்லாத்தானே இருக்குன்னு. பூன்னா பூதானே, இதுல என்ன..."

கடைச் சாவிக்கொத்தோடு மருந்துக்கடைக்காரன் வெளியே வந்தான். அப்பாவைப் பார்த்தான். முகத்தில் ஈயாடவில்லை.

அப்பாவும் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு இன்னொரு தடவை பார்த்தார். பிறகு பெரியவளைத் திரும்பிப் பார்த்தார். அவள் டின்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐந்து பேரில் மூன்று பேருக்கு விஷயம் தெரியும். சின்னவள் பாட்டுக்குக் கடப்பாரையைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"முதல் செடியை நானே எடுக்கறேன்" என்றார் அப்பா.

நடைபாதை ஓரத்தில் முழங்காலிட்டு உட்கார்ந்தார். செடியை எடுக்கும் முன் நூலை அவிழ்ப்பது நர்சரியிலும் அவர் பழக்கம். கண்ணால் பார்த்து அவிழ்க்க மாட்டார். கை பாட்டுக்குச் செய்யும். இலைகளுக்குக் கீழே விரல் போயிற்று. முடிச்சைத் தொட்டது. நின்றது.

பெரியவள் இடதுகைக்காரி. சின்ன வயதில் அவளுக்குச் செருப்பு வார் முடிச்சுப் போடக் கற்றுக்கொடுக்க அப்பா ஒரு வாரம் திண்டாடியிருக்கிறார். கடைசியில் அவள் முடிச்சு அவர் முடிச்சுக்கு எதிர்ப்பக்கமாகவே திரும்பிக்கொண்டது. அதை மாற்றவே முடியவில்லை.

அப்பாவின் விரல் அந்த முடிச்சின்மேல் இரண்டு தடவை போய் வந்தது. பக்கத்துச் செடிக்கு நகர்ந்தார். அதையும் தொட்டார். மூன்றாவதைத் தொடவில்லை. அவர் கண்ணில் ஒரு கோளாறும் இல்லை என்று அந்த நிமிடம் அவருக்குத் தெரிந்துவிட்டது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். நல்ல சட்டையின் முன்பக்கம் மண் ஒட்டியிருந்தது.

பெரியவளை அவர் பார்க்கவே இல்லை. நேராகப் பிங்க் மேடத்துக்கு முன்னால் போய்த் தலையைக் குனிந்தார். மருந்துக்கடைக்காரன் இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தான். அவனுக்கு முன்னாலும்தான் குனிந்தார்.

"வயசாயிடுச்சும்மா" என்றார். "கண்ணு ஏமாத்திடுச்சு. மன்னிச்சுக்..."

"அப்பா, வேணாம்."

சத்தம் அவ்வளவு பெரிதாக வரும் என்று பெரியவளே எதிர்பார்க்கவில்லை. சின்னவள் கடப்பாரையோடு திரும்பினாள்.

"அப்பா கட்டலைங்க" என்றாள் பெரியவள். "அவர் சரியாத்தான் கட்டியிருந்தார். நான் அவிழ்த்து மாத்திக் கட்டினேன். நூல் கட்டினவங்கதான் பதில் சொல்லணும்னு எங்க அப்பா சொல்வார். கட்டினது நான்."

"ஓ!" பிங்க் மேடம் உண்மையிலேயே ஆறுதலடைந்தவர் போல மூச்சு விட்டார். "அவ்வளவுதானே? தெரியாம மாறிப் போச்சா? அதுக்கா இவ்வளவு..."

தலையை ஆட்டினால் போதும். அந்த அம்மாளே கதவைத் திறந்து வைத்துவிட்டு நிற்கிறார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, செடியை மாற்றி நட்டுவிட்டு, எல்லோரும் வீட்டுக்குப் போகலாம்.

"தெரியாம இல்லைங்க" என்றாள். "தெரிஞ்சே மாத்தினேன். எந்தக் கலர் வந்தா உங்க தோட்டம் கெட்டுப் போகும்னு தெரிஞ்சு, அந்தக் கலரைப் பார்த்து மாத்தினேன்."

"அக்கா!" என்றாள் சின்னவள். காலையில் அப்பாவிடம் பேசியது அத்தனையும் அவளுக்கு இப்போது ஞாபகம் வந்திருக்க வேண்டும். முகம் சுண்டிப்போயிற்று. அப்பாவைப் பார்க்க முடியாமல் கடப்பாரையின் நுனியைப் பார்த்தாள்.

பிங்க் மேடத்தின் சிரிப்பு மெதுவாக இறங்கியது. "ஏன்? நான் உங்களுக்கு என்ன பண்ணினேன்? அன்னைக்கு எனக்கு எவ்வளவு பொறுமையா எடுத்துச் சொன்னீங்க! ரெண்டு கட்சின்னு சொன்னதை நான் ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லிச் சிரிச்சேன்."

பெரியவளால் நிமிரவே முடியவில்லை. சொன்னால் மனசு லேசாகும் என்பார்கள். ஒன்றும் லேசாகவில்லை. உடம்பெல்லாம் கூசியது. "நீங்க ஒண்ணும் பண்ணலைங்க" என்றாள். "உங்களை நான் நினைச்சே பார்க்கலை. அதான் என் தப்பு."

சாவிக்கொத்து ஒருமுறை சலசலத்தது.

அந்தச் சத்தம் கேட்டுத்தான் பிங்க் மேடம் கணவன் பக்கம் திரும்பினார். திரும்பியவர் அப்படியே நின்றார். அவன் முகத்தைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். வாசலில் நின்ற வண்டியில் எழுதியிருந்த நர்சரிப் பெயரைப் புதிதாகப் பார்ப்பது போலப் படித்தார். கவுன்டரில் ஆயிரம் விலாசத்தைப் படித்துப் பழகிய கண்.

"இவருக்கு எனக்கு முன்னாடி ஒரு இடத்துல பேசி முடிச்சிருந்தாங்க" என்றார் மெல்ல, யாரிடம் என்றில்லாமல். "பத்திரிகைகூட அடிச்சாச்சாம். செடி விக்கற வீடுன்னு சொன்ன ஞாபகம். கடைசி நேரத்துல அந்தப் பொண்ணு இவரை வேணாம்னு சொல்லி அவமானப்படுத்திட்டான்னு என்கிட்ட சொன்னார். அந்தக் காயம் ஆறட்டும்னு நானும் பன்னிரண்டு வருஷமா எதையும் கேட்டதில்லை."

பெரியவள் பக்கம் ஒரு அடி வைத்தார்.

"அந்தப் பொண்ணு நீங்களா?"

பெரியவளின் தலை ஆமாம் என்று ஆடியது.

"நீங்களா வேணாம்னு சொன்னீங்க?"

பெரியவள் வாயைத் திறந்தாள். அதற்குள் அப்பாவின் கை அவள் தோளில் விழுந்தது. மண் ஒட்டிய கை. அதில் கோபம் இருந்ததா, பாசம் இருந்ததா என்று அவளுக்குத் தெரியவில்லை, இரண்டும் இருந்திருக்கும். மருந்துக்கடையில் முக்கால் மணி நேரம் நின்ற அந்த மனிதர் குனிந்த தலையை நிமிர்த்தினார்.

"என் பொண்ணு அவ பண்ணினதுக்குப் பதில் சொல்லிட்டாம்மா" என்றார் பிங்க் மேடத்திடம். பிறகு அவனைப் பார்த்தார். "இதுக்கு அவ பதில் சொல்ல மாட்டா. நீங்க சொல்லுங்க தம்பி."

மருந்துக்கடைக்காரன் சாவிக்கொத்தை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டான். கடை திறக்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.